வரவும் செலவும்



நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் ‘செலவு’ என்பதும் ஒன்று. மாதக் கடைசியில் அதைப் பெருமூச்சோடு சொல்லுகிறோம். ஆனால் பண்டைத் தமிழில் அச்சொல்லுக்குப் பணம் கரைதல் என்பது பொருளன்று. செல்லுதல், பயணம் என்பதே பொருள். வரவு என்பதோ வருதல். ஆகவே வரவு செலவுக் கணக்கு என்பது, ஒரு பொருள் எங்கிருந்து நம்மிடம் வந்தது, நம்மை விட்டு எங்கே சென்றது என்று எழுதி வைப்பதேயாகும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தகைய சொல்லாராய்ச்சியில் ஈடுபாடு மிகுதி. ஆயினும் இன்று பேச வந்தது அதற்காக அன்று. இவ்விரு சொற்களின் பழைய பொருளை மறந்தமையால் நம் இல்லத்தில் நேர்ந்த ஒரு பிழையையும், அப்பிழையை நமக்குக் காட்டிக் கொடுத்த ஒரு பெரியாரின் வாழ்வையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறியிருக்கும் நம்மவர்க்கு, எளிய வாழ்வு என்றவுடன் ஊர்தான் நினைவுக்கு வருகிறது. கிணற்றடி, திண்ணை, முற்றத்து வேப்பமரம், வாழையிலையில் விழும் சூடான சோறு ஆகிய இவையே எளிமையின் வடிவங்களாக நம் உள்ளத்தில் பதிந்துள்ளன. தில்லியில் மூன்றாம் மாடிக் குடியிருப்பில் அமர்ந்துகொண்டு, பணி ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பி எளிமையாக வாழப் போவதாகச் சொல்லிக் கொள்ளாத தமிழர் அரியர். மும்பையிலும் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் நிலைமை வேறாக இராது. நாமும் அவ்வாறே சொல்லிக் கொண்டிருந்தோம். அதாவது, எளிமை என்பது இன்றைய கடமையன்று, ஓய்வூதியத்தோடு வந்து சேரும் ஓர் இன்பம் என்று கருதியிருந்தோம்.

இவ்வெண்ணத்தை முதலில் அசைத்தது அலுவலகத்தில் மொழிபெயர்ப்புக்கு வந்த ஒரு கோப்பு. அதில் ‘நீடித்த வளர்ச்சி’ என்னும் தொடர் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. இத்தொடரை உலகெங்கும் பரவச் செய்தது, நார்வே நாட்டுப் புருண்ட்லாண்டு அம்மையாரின் தலைமையில் அமைந்த ஐக்கிய நாடுகள் ஆணையம் 1987-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை. பின்வரும் தலைமுறையினரின் தேவைக்கு ஊறு செய்யாமல் இன்றைய தேவையை நிறைவு செய்து கொள்வது என்பது அதன் கருத்து. புதுக் கருத்தாக இதைப் போற்றுகிறவர் பலர். ஆனால் அதற்கு 42 ஆண்டுகள் முன்னரே, 1945-இல், ஒரு தமிழர் இதே பொருளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். ‘எக்கானமி ஆஃப் பெர்மனன்ஸ்’ என்பது அதன் பெயர். நிலைத்த பொருளாதாரம் எனத் தமிழாக்கலாம். அதை அவர் எழுதியது நூலகத்தில் அன்று, ஜபல்பூர்ச் சிறையில். அவர்தாம் ஜே. சி. குமரப்பா.

குமரப்பாவின் வாழ்க்கை வெளிமாநிலத் தமிழர் ஒவ்வொருவரும் அறிந்திருக்கத் தக்கது. ஏனெனில் அவரும் நம்மைப் போன்று ஊர்விட்டு ஊர் சென்று தொழில் செய்தவரே. 1892 ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். ஜோசப் செல்லத்துரை கொர்னீலியஸ் என்பது இளமைப் பெயர். குமரப்பா என்னும் குடும்பப் பெயரைப் பின்னரே மேற்கொண்டார். இலண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் அத்தொழிலை நடத்தி நல்ல வருவாயும் மதிப்பும் பெற்றிருந்தார். பிறகு அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அரசு நிதியியல் கற்றபோது, இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கில ஆட்சியின் வரிமுறைக்கும் உள்ள தொடர்பை ஆராயத் தலைப்பட்டார். பிறருடைய கணக்கைத் தணிக்கை செய்து வந்தவர், ஒரு பேரரசின் கணக்கையே தணிக்கை செய்யப் புகுந்தார் எனலாம்.

1929 மே மாதத்தில் அவர் சபர்மதி ஆசிரமத்துக்குச் சென்று காந்தியடிகளைக் கண்டார். மேனாட்டு உடை அணிந்து சென்றவர், சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூல் நூற்றுக் கொண்டிருந்த ஒரு முதியவரைக் கண்டு, அவரே அடிகள் என உணர்ந்ததும் தாமும் அத்தரையிலேயே அமர்ந்துவிட்டார் என்பர். அடிகள் அவருக்கு இட்ட முதற் பணி, குஜராத்தின் கேடா மாவட்டத்தைச் சேர்ந்த மாத்தர் வட்டத்துக் கிராமங்களின் பொருளாதார நிலையை ஆராய்வது. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தார்கள். மொழி அறியாத ஊரில், தம் தொழிலின் கருவியாகிய கணக்கேட்டை மட்டும் துணைக்கொண்டு ஏழை உழவனின் வீட்டு வாயிலில் போய் நின்றார் அத்தஞ்சைத் தமிழர்.

அவருடைய நேர்மைக்கு ஒரு நிகழ்ச்சி சான்று. 1934 ஜனவரி 15-ஆம் நாள் பீகாரில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. இராஜேந்திர பிரசாதின் பொறுப்பில் திரண்ட துயர்நீக்க நிதியின் கணக்கு குமரப்பாவிடம் ஒப்புவிக்கப்பட்டது. தொண்டர் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு இவ்வளவே என்று சிறு தொகை வரையறுத்தார். அங்கே காந்தியடிகள் தம் பரிவாரத்துடன் வந்தபோது, அவர்களுடைய உணவு, பெட்ரோல் ஆகியவற்றின் செலவை இந்நிதி ஏற்காது என்று சொல்லிவிட்டார். அடிகள் அதைக் கேட்டு மனம் மகிழ்ந்து ஒப்புக் கொண்டாராம். துயருற்றவர்க்கென வந்த காசு வேறு எவருக்கும் செல்லலாகாது. செல்பவர் தம் தலைவரே ஆயினும் ஆகாது. செலவு என்ற சொல்லின் பழைய பொருளை அவர் மறக்கவில்லை அன்றோ?

அதே 1934-ஆம் ஆண்டின் இறுதியில் அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கம் வார்தாவில் தோன்றியது. மகன்வாடி என்ற இடத்தில் அதன் பணிகளைக் குமரப்பா நடத்தினார். செக்கில் எண்ணெய் ஆட்டுதல், கைக்குத்தல் அரிசி, கையாற் செய்யும் காகிதம், தேனீ வளர்ப்பு முதலியவற்றை ஆராய்ந்து சீர்திருத்தினார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கு ஒன்றையும் ஆக்கினார்கள். இவை பழமைமேல் கொண்ட வெறும் பற்றினால் செய்யப்பட்டவை அல்ல. இவற்றின் பின்னே ஒரு தெளிந்த கணக்கு இருந்தது.

அக்கணக்கு இதுதான். இயற்கை தரும் செல்வம் இருவகைப்படும். நிலக்கரி, பெட்ரோலியம், உலோகத் தாதுக்கள் போன்றவை எடுக்க எடுக்கக் குறைவன. ஒரு முறை எரித்தால் மீளாதன. ஓடும் ஆறு, வளரும் காடு போன்றவை அளவறிந்து கொள்ளும் வரையில் மீண்டும் மீண்டும் தருவன. முதல்வகையை நம்பிய வாழ்வு நிலையற்றது. பொருள் அருகுந்தோறும் அதற்காகப் போட்டியும் போரும் மூளும். இரண்டாம் வகையோடு இயைந்த வாழ்வு நிலைபெறும்.

இதனையே அவர் உயிரினங்களின் வாழ்க்கையைக் கொண்டு ஐந்து படிகளாக வகுத்துக் காட்டினார். பிற உயிரைக் கொன்று உண்ணும் புலியின் வாழ்வு கடைப்படி. தான் நட்டு நீர் ஊற்றாத தோப்பில் புகுந்து கனியைக் கவர்ந்து செல்லும் குரங்கின் வாழ்வு அடுத்தது. தன் உழைப்பால் தன் கூட்டைக் கட்டிக் கொள்ளும் பறவையின் வாழ்வு மூன்றாவது. கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீயின் வாழ்வு நான்காவது. கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவையின் வாழ்வே முடிவான படி. அதாவது கொல்லுதல், கவர்தல், உழைத்தல், கூடி உழைத்தல், தொண்டு செய்தல் என்பன அவ்வைந்து படிகள். மனிதன் எப்படியில் நிற்கிறான் என்பது அவன் எத்தனை பொருள்களை வைத்திருக்கிறான் என்பதனால் மட்டும் தெரிவதன்று. அவை யாருடைய உழைப்பால், யாருடைய இழப்பால் வந்தன என்பதனாலேயே தெரியும். பொருளை வாங்குகிறவன், அப்பொருள் விளைந்த விதத்தில் உள்ள தீமைக்கும் பங்காளியாகிறான் என்பது அவர் கொண்ட முடிவு. மனச்சான்று என்பதை அவர் வானத்திலிருந்து ஒலிக்கும் குரலாகக் கருதவில்லை. கணக்கில் ஒரு காசும் மறைக்காத தணிக்கையாளராகக் கருதினார் என்று நமக்குத் தோன்றுகிறது.

நிற்க. இதையெல்லாம் நூலிலிருந்து படித்து வியந்து கொண்டிருந்த காலத்திலேயே நம் இல்லத்தில் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும்.

நம் வீட்டில் பாத்திரம் துலக்கவும் தரை துடைக்கவும் ஓர் அம்மையார் வருகிறார். அவரும் நம்மைப் போல ஊர் விட்டு வந்தவரே, பீகாரைச் சேர்ந்தவர். காலை ஆறரை மணிக்கு வரவேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு கோடையில் அவர் அடிக்கடி ஏழரைக்கும் எட்டுக்கும் வரலானார். அலுவலகம் செல்லும் அவசரத்தில் நமக்குச் சினம் மூண்டது. மாதத்தில் மூன்று நாள் தாமதித்தால் ஒரு நாட் கூலி பிடித்தம் என்று ஒரு விதி செய்தோம். அலுவலகத்தில் நேரம் தவறி வருவோர்க்கு அரை நாள் விடுப்புக் கழிப்பது போன்ற நியாயமான முறைதானே என்று எண்ணிக் கொண்டோம். நான்கு மாதங்களில் பிடித்த தொகை 1,200 ரூபாய். அது நம் குறிப்பேட்டில் வரவாகவே எழுதப்பட்டிருந்தது.

ஒரு நாள் நம் அன்னையார் அவரிடம், ஏன் இவ்வளவு நேரம் என்று தமக்குத் தெரிந்த சிறிது இந்தியில் அன்பாகக் கேட்டார்கள். நான்கு மாதங்களாக நாம் கேளாத கேள்வி அது. அவர் வாழும் குடியிருப்பில் குழாய் இல்லை. தண்ணீர் லாரி வரும். வரும் நேரம் உறுதியில்லை. வரிசையில் நின்று நான்கு குடம் பிடித்து வைத்துவிட்டால்தான் பிள்ளைகள் குளித்துப் பள்ளி செல்ல முடியும். இதைச் சொல்லிவிட்டு அவர் தம் வேலையில் இறங்கினார்.

அவர் துலக்கிக் கொண்டிருந்த தொட்டிக்கு மேல்தான் நம் வீட்டு ஆர். ஓ. குடிநீர்ப் பெட்டி மாட்டியிருக்கிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் தொட்டிக்குள் தொங்கும். நீரைத் தூய்மை செய்யும்போது கழிக்கப்படும் நீர் அதன் வழியே வடிந்து கொண்டேயிருக்கும். ஆண்டுக்கணக்கில் நாம் பார்த்திருந்தும் அன்றுதான் கண்டோம். அடுத்த ஞாயிறன்று அக்குழாயை ஒரு வாளியில் விட்டு அளந்தோம். ஒரு குடம் குடிநீர் நமக்குக் கிடைப்பதற்குள் இரண்டு வாளி நிறைந்து மூன்றாவதும் பாதியாயிற்று. நான்கு குடத்துக்காக ஒருவர் வரிசையில் நின்ற அதே காலையில், அதைக்காட்டிலும் மிகுதியான நீர் நம் வீட்டில் யாருக்கும் பயன்படாமல் சாக்கடைக்குச் சென்றிருக்கிறது. அவ்வாறு சென்றது மட்டுமன்று. நீருக்காக அவர் நின்ற நேரத்துக்கு நாம் கூலியையும் பிடித்திருக்கிறோம். குமரப்பா கூறிய ஐந்து படிகளில் நாம் எதில் நின்றோம் என்பதை நேயர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மறுநாள் அந்த 1,200 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் அதை எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டார். நன்றி சொல்லுவார் என்று நாம் உள்ளூர எதிர்பார்த்திருந்தோம் போலும். அவர் சொன்னது வேறு. லாரி இனிமேலும் இப்படித்தான் வரும், ஆகவே நேரத்தை ஒன்பது மணியாக மாற்றுங்கள் என்றார். கேட்க வேண்டியதை அவர் கேட்டார். பணத்தைத் திருப்பியதால் பழங்கணக்கு நேராயிற்று. நேரத்தை மாற்றினால்தான் புதுக்கணக்கு நேராகும்.

ஒன்பது மணி என்றால் காலைப் பாத்திரங்களை நாமே துலக்கியாக வேண்டும். அப்போதுதான் நமக்கு ஓர் உண்மை விளங்கியது. நாமே துலக்குவதென்றால் நான்கு கறியும் எட்டுப் பாத்திரமும் வேண்டியதில்லை. ஒரு சாதம், ஒரு குழம்பு, ஒரு காய் போதும். கழிநீர் வாளியைக் கொண்டு தரை துடைப்பதும், அதிலே முதற்கை பாத்திரம் கழுவுவதும் வழக்கமாயின. எளிமை நம் வீட்டுக்குள் ஒரு விரதமாகவோ அழகாகவோ வரவில்லை. ஒருவருக்குச் செய்த அநீதியை நீக்கப் புகுந்தபோது, அதன் பின்னே தானாக வந்து சேர்ந்தது.

ஒன்றை மறைத்தலாகாது. நம் வாளி அவருடைய தெருவுக்குக் குழாய் கொண்டுவந்துவிடவில்லை. அவர் இன்றும் வரிசையில் நிற்கிறார். அது அரசும் நகராட்சியும் மக்களும் கூடிச் செய்யவேண்டிய பணி. தனி மனிதரின் சிக்கனம் அதற்கு ஈடாகாது. அப்படியாயின் ஒரு வாளியால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் இதுதான்: கணக்குப் பார்க்கத் தொடங்கியவனுக்குக் கண் திறக்கிறது. அவருக்குக் குழாய் வேண்டும் என்று கேட்கும் தகுதியும் கடமையும் அவனுக்கு அப்போதுதான் உண்டாகின்றன. அவருடைய தெருவினர் குழாய் கோரி எழுதிய மனுவை நல்ல இந்தியில் திருத்தித் தருமாறு நம்மிடம் கொண்டுவந்தபோது, நம் தொழிலுக்கு ஒரு புதுப் பொருள் கிடைத்ததாக உணர்ந்தோம்.

இயற்கையோடு இயைந்து வாழ்தல் என்றால் மலைக்கும் காட்டுக்கும் செல்லுதல் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். இயற்கை நம் சமையலறைக்கே வருகிறது. நாம் அதை அடையாளம் கண்டுகொள்வதில்லை. தில்லியின் குடிநீரில் ஒரு பகுதி கங்கை நீர். அதற்குத் துணை நிற்பது இமயமலையிலுள்ள தேஹ்ரி அணை. 2005-ஆம் ஆண்டு அக்டோபரில் அதன் கடைசிச் சுரங்க வழி அடைக்கப்பட்டு நீர் தேங்கியதும் பழைய தேஹ்ரி நகரம் நீரில் மறைந்தது. ஒரு நகரத்து மக்கள் தங்கள் வாசலையும் கடைத்தெருவையும் விட்டுக் கொடுத்துத் தந்த நீர் அது. நாம் விசையை அழுத்தினால் எரியும் விளக்கின் பின்னே சிங்ரௌலியின் நிலக்கரி இருக்கிறது. அந்நிலக்கரிக்காகத் தோண்டப்பட்ட நிலமும், அந்நிலத்தை இழந்தவரும் இருக்கிறார்கள். இவற்றைக் கைவிட்டு இருளில் வாழ வேண்டும் என்று சொல்ல வரவில்லை. வரவின் பக்கத்தில் இவற்றை எழுதாமல் மறைக்கலாகாது என்றே சொல்லுகிறோம்.

இன்று எளிமையும் ஒரு விலையுயர்ந்த சரக்காகக் கடைகளில் விற்கப்படுகிறது. கைவினைப் பொருளும் இயற்கை விளைபொருளும் அழகிய உறைகளில் வருகின்றன. அவற்றை வாங்குவது குற்றமன்று. ஆனால் வாங்கி அடுக்குவதனால் எளிமை வந்துவிடாது. பருத்தியாடை அணிந்து கூலியைக் குறைப்பவனைக் காட்டிலும், சாதாரண ஆடை அணிந்து கூலியை நேராகக் கொடுப்பவன் எளிமைக்கு அருகில் இருக்கிறான்.

ஆகவே நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த மாநிலத்தில், எந்த மாடியில் வாழ்ந்தாலும் ஒரு வாரத்துக்கு ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். நீர், எரிபொருள், தானியம், துணி, பிறர் உழைப்பு என ஐந்து தலைப்புகள் போதும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, எங்கிருந்து வந்தது, எங்கே சென்றது என்ற இரண்டை மட்டும் எழுதுங்கள். விலையை எழுத வேண்டுவதில்லை. வார முடிவில் எதைக் குறைக்க வேண்டும், யாருக்கு எதைத் திருப்பித் தர வேண்டும் என்பதை அக்குறிப்பேடே சொல்லும். ஊருக்குத் திரும்பும் நாள் வரையில் காத்திருக்க வேண்டுவதில்லை.

குமரப்பா தம் இறுதி ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்குத் திரும்பி, மதுரை மாவட்டத்து தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு சிறு குடிலில் வாழ்ந்தார். 1960 ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், சென்னையில் காலமானார். அவர் குடிலில் இரு படங்கள் இருந்தன என்பர். ஒன்று காந்தியடிகளுடையது. மற்றொன்று பெயர் அறியாத ஓர் ஏழைக் கிராமவாசியுடையது. வந்த ஒருவர் வினவியபோது, முன்னவர் தம் தலைவர் என்றும், பின்னவர் தம் தலைவருக்கும் தலைவர் என்றும் விடை சொன்னாராம்.

நம் வீட்டுச் சுவரில் அத்தகைய படம் ஏதும் இல்லை. ஆனால் ஒன்பது மணிக்குக் கதவு தட்டப்படுகிறது. நாம் அலுவலகம் சென்ற பின்னர் நம் அன்னையார் கதவைத் திறந்து, இன்று தண்ணீர் வந்ததா என்று கேட்கிறார்கள். அவ்வம்மையார் சொல்லும் விடையை மாலையில் நமக்குத் தெரிவிக்கிறார்கள். அன்றைய கணக்கில் முதல் வரியாக அதனை எழுதுகிறோம்.